நடுக்கம் நிண்டிட்டுது எண்டு நிம்மதியா இருக்காதேங்கோ: ரொறன்ரோ வின்டரில நாய் பூனைக்கு வாற பிரச்சினையள், அறிகுறி வாரியா

போன வின்டரில ஒரு சனிக்கிழமை காலமை பக்கத்து ஸ்ட்ரீட் தம்பி ஒராள் போன் எடுத்தார். "அக்கா, நாயைப் பின்வளவில விட்டிட்டு மறந்துபோய்க் கதவைப் பூட்டிட்டம், கன நேரம் வெளியில நிண்டிட்டுது, உள்ள எடுக்கேக்க நல்லா நடுங்கினது, இப்ப நடுக்கம் நிண்டு அமைதியாப் படுத்திருக்கு, இனிப் பிரச்சினை இல்லைத்தானே?" வெளியில மைனஸ் 19. கூப்பிட்டா எழும்புதோ எண்டு பாக்கச் சொன்னன். கண்ணை மட்டும் திறக்குதாம், எழும்பேல்லையாம். நடுக்கம் நிண்டது உடம்பில சூடு ஏறினதால இல்லை, நடுங்கிறதுக்கே சக்தி இல்லாமப் போனதால. உடன எமேர்ஜென்சி வெட்டிட்ட கொண்டு ஓடினபடியாத் தப்பிச்சுது. இன்னும் ஒரு மணித்தியாலம் "படுத்து ரெஸ்ட் எடுக்கட்டும்" எண்டு விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு இப்பவும் யோசிக்கிறனான்.

குளிர்காலத்தில வாற கனக்கப் பிரச்சினை இப்பிடித்தான், மோசமாக மோசமாகச் சத்தம் குறையும். நொண்டின நாய் நொண்டாது, நடுங்கினது நடுங்காது, சத்தி எடுத்தது எடுக்காது, நாங்களும் "அப்பாடா" எண்டு இருந்திடுவம். அதுதான் அறிகுறி வாரியா எழுதி வைக்கிறன், உங்கட வீட்டில இப்ப என்ன நடக்குதோ அந்த இடத்துக்கு நேராப் போங்கோ. அதுக்கு முதல் நம்பருகளை மட்டும் போனில சேவ் பண்ணுங்கோ, ஏனெண்டால் இஞ்ச எங்கட ஆக்கள் பாதி நேரத்தைப் பிழையான ஆளுக்கு அடிச்சே துலைக்கினம்.

ஆருக்கு எதுக்கு அடிக்கிறது

ரொறன்ரோ சிற்றிக்குள்ள எண்டால் 311. நாளைக்கு 24 மணித்தியாலமும் எடுப்பினம், தமிழில கதைக்க வேணும் எண்டு கேட்டா மொழிபெயர்க்க ஆளையும் லைனில எடுத்துத் தருவினம், அதால அம்மா அப்பாவும் தாராளமா அடிக்கலாம். அங்க இருந்து சிற்றியின்ர அனிமல் சர்வீசுக்கு விசயம் போகும். றோட்டில அடிபட்டுக் கிடக்கிற மிருகம், ஆற்றையோ எண்டு தெரியாம அலையிற நாய், கடிச்ச நாய், செத்துக் கிடக்கிற ரக்கூன், ஆக்களுக்குக் கிட்ட வாற கொயோட்டி (நரி மாதிரி இருக்கிற காட்டு மிருகம்) எல்லாம் இதுக்குள்ள. சிற்றிக்கு வெளியில நிண்டு அடிக்கிறதெண்டால் 416-392-2489. ஸ்டீல்ஸுக்கு வடக்குப் பக்கம் மார்க்கம், அங்க இருக்கிற ஆக்கள் மார்க்கத்துக்குத்தான் அடிக்கோணும், பிக்கரிங், ஏஜக்ஸ் ஆக்கள் அவையின்ர ரவுணுக்கு. றோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்தானே எண்டு நினைப்பம், ஆனா ரொறன்ரோ ட்ரக் ஸ்டீல்ஸைத் தாண்டி வராது.

ஆரும் மிருகத்தைக் கொடுமைப்படுத்தினால், குளிருக்க கட்டி வைச்சிருந்தால், அது மாகாணத்தின்ர வேலை, 1-833-926-4625. இதில கன பேருக்கு இன்னும் குழப்பம். முந்தி ஒண்டாரியோ எஸ்பிசிஏ எண்ட மிருக நலச் சங்கம்தான் இதைப் பாத்தது, 2019 ஜனவரியில கோர்ட், ஒரு தனியார் தர்ம அமைப்புக்குப் பொலிஸ் மாதிரி அதிகாரம் குடுத்தது சரியில்லை எண்டு தீர்ப்புச் சொல்ல, அவை அந்த வேலையை விட்டிட்டினம், 2020 ஜனவரி 1 இல இருந்து புதுச் சட்டம், மாகாண இன்ஸ்பெக்டர்மார்தான் வருவினம். ரிவர் ஸ்ட்ரீட்டில இருக்கிற ரொறன்ரோ ஹியூமேன் சொசைற்றியும் தர்ம அமைப்புத்தான், சிற்றியின்ர ஆக்கள் இல்லை.

நஞ்சு ஏதும் தின்டிட்டுது எண்டு சந்தேகம் எண்டால் பெற் பொய்சன் ஹெல்ப்லைன் 1-855-764-7661, இல்லாட்டி ஏஎஸ்பிசிஏ பொய்சன் கொன்ட்ரோல் 1-888-426-4435. ரெண்டும் அமெரிக்காவில இருக்கிறது, கனடாவில இருந்தும் எடுக்கலாம், காசு எடுப்பினம், ஆனா அந்த நேரத்தில அந்தக் காசு பெரிசில்லை.

உங்கட சொந்த நாய்க்கு வருத்தம் எண்டால் மேல சொன்ன ஒரு நம்பரும் வீட்டை வந்து மருந்து குடுக்காது. அதுக்கு 24 மணித்தியால எமேர்ஜென்சி வெட். எது கிட்ட எண்டு இண்டைக்கே பாத்து, ஸ்னோ கொட்டேக்க எந்த றோட்டால போறது எண்டும் யோசிச்சு வையுங்கோ.

நடக்கேக்க ஒரு காலைத் தூக்குது, நிண்டு பாதத்தைக் கடிக்குது

இதுதான் எல்லாத்திலயும் கூடுதலா வாறது. மூண்டு காரணத்தில ஒண்டா இருக்கும். முதல்ல விரலுக்கு இடையில பாருங்கோ, மயிர் கூடின நாய் எண்டால் ஸ்னோ உருண்டு கல்லு மாதிரிப் பனிக்கட்டி பிடிச்சிருக்கும், அதைப் பிடுங்காதேங்கோ, மயிரோட வரும், உங்கட கைச்சூட்டில பிடிச்சுக் கரைய விடுங்கோ. பனிக்கட்டி இல்லையெண்டால் உப்பு. சைட்வோக்கில போடுற உப்புப் பாதத்தை எரிக்கும், வெடிப்பு இருந்தால் அதுக்குள்ள போய் இன்னும் கடுக்கும், ஒரு காலைத் தூக்கி வைக்க மற்றக் காலும் எரியும், பாவம் எங்க கால் வைக்கிறது எண்டு தெரியாம நிக்கும். மூண்டாவது வெட்டுக்காயம், இறுகின ஸ்னோவின்ர விளிம்பு கண்ணாடி மாதிரி வெட்டும்.

வீட்டை வந்த உடன கால் கழுவுறதுதான் மருந்து. வாசலில ஒரு சின்ன வாளியில இளஞ்சூட்டுத் தண்ணி, ஒரு பழைய துவாய். நாலு காலையும் முக்கி எடுத்து விரலிடை எல்லாம் வடிவாத் துடைக்கோணும், வயித்தையும் துடையுங்கோ, கட்டைக் கால் நாயளுக்கு உப்புத்தண்ணி அங்கதான் அடிச்சிருக்கும். "பிறகு கழுவுவம்" எண்டு விட்டால் அதுக்குள்ள நக்கித் தின்டிடும், அது அடுத்த பிரச்சினை. போக முதல் பாதத்துக்கு மெழுகோ வாசலினோ பூசலாம், விரலிடை மயிரைக் கத்தரிச்சு விடலாம். எல்லாத்திலயும் நல்லது சப்பாத்து. எங்கட கறுப்பன் முதல் கிழமை சப்பாத்துப் போட்டால் சிலை மாதிரி நிண்டிடுவான், வீட்டுக்குள்ள நாளுக்குப் பத்து நிமிசம் போட்டுச் சாப்பாட்டையும் வைச்சுப் பழக்கினம், இப்ப சப்பாத்தைக் கண்டால் தானே காலை நீட்டுவான்.

தூக்கித் தூக்கி நடந்த நாய் திடீரெண்டு ஒழுங்கா நடக்கத் தொடங்கினால், அதுவும் கடுங்குளிரில, கொண்டு போய்ப் பாதத்தைத் தொட்டுப் பாருங்கோ. சுகம் வந்தும் இருக்கலாம், விறைச்சு உணர்வு இல்லாமப் போயும் இருக்கலாம். ஐஸ் மாதிரி இருந்தால் திரும்ப வெளியில விடாதேங்கோ.

நடுங்குது

நடுங்கிறது நல்ல அறிகுறி எண்டு சொன்னால் ஆக்கள் என்னை ஒரு மாதிரிப் பாப்பினம், ஆனா அப்பிடித்தான், உடம்பு இன்னும் சூடு உண்டாக்கப் பாக்குது எண்டு அர்த்தம். உடன உள்ள எடுங்கோ, ஈரத்தை ஒத்தி எடுங்கோ, காஞ்ச கம்பளியால சுத்துங்கோ. கம்பளியை ட்ரையருக்க அஞ்சு நிமிசம் போட்டு எடுத்தால் இன்னும் நல்லது.

தேர்மோமீட்டர் இருந்தால் குதத்தில வைச்சுப் பாக்கோணும், மனிசருக்கு வைக்கிற சாதாரண டிஜிட்டல் ஒண்டு காணும், ஆனா அதைப் பிறகு நாய்க்கு எண்டே வைச்சிருங்கோ. நாய்க்கும் பூனைக்கும் சாதாரணச் சூடு 38 இல இருந்து 39.2 வரைக்கும். 37 க்குக் கீழ எண்டால் சூடேத்திக் கொண்டு வெட்டுக்கு அடியுங்கோ, 35 க்குக் கீழ எண்டால் கம்பளியோட காருக்க ஏத்துங்கோ. தேர்மோமீட்டர் இல்லையெண்டால் பல்லு முரசைப் பாருங்கோ, வெளிறிச் சாம்பல் நிறமா இருந்தால், நடை தள்ளாடினால், கூப்பிட்டதுக்குத் திரும்பாட்டி, நடுக்கம் நிண்டும் உடம்பு குளிரா இருந்தால், அளந்து பாத்துக் கொண்டு நிக்க நேரமில்லை.

சூடேத்திறது நெஞ்சும் வயிறும்தான், கால் இல்லை. சுடுதண்ணிப் போத்தலைத் துவாயில சுத்தி நெஞ்சுக்குப் பக்கத்தில வையுங்கோ, சும்மா வைச்சால் தோல் வெந்திடும், விறைச்ச தோலுக்குச் சுடுறது தெரியாது, அது கத்தவும் மாட்டுது. சுடுதண்ணிக் குளிப்பு, ஹெயர் ட்ரையர், ஹீட்டருக்கு முன்னால படுக்கப் போடுறது ஒண்டும் வேண்டாம். பிராந்தி ஒரு மூடி குடுத்தால் சூடு வரும் எண்டு ஊர்ப் பழக்கத்தில ஆரும் சொல்லுவினம், குடுக்கவே குடுக்காதேங்கோ, அல்கஹோல் உள்ளச் சூட்டைத் தோலுக்குக் கொண்டு வந்து வெளியில விட்டிடும், நாய்க்கு அது நஞ்சும். முழிப்பில்லாத மிருகத்துக்குப் பாலும் பருக்கக் கூடாது, நுரையீரலுக்க போயிடும்.

ஊரில மார்கழிப் பனிக்கு நாய் எல்லாம் குசினி அடுப்புச் சாம்பலுக்க சுருண்டு படுத்திருக்கும், காலமை சாம்பல் பூசினபடி எழும்பி வரும். அந்தக் குளிர் நாயே பாத்துக்கொள்ளுற குளிர். அதை நினைச்சுக் கொண்டுதான் எங்கட பெரியாக்கள் இஞ்சயும் "நாய்க்கு மயிர் இருக்குத்தானே, நிக்கட்டும்" எண்டுறது. இஞ்ச வின்ட்சில்லோட, அதாவது காத்தையும் சேத்துக் கணக்குப் பாத்து, மைனஸ் 30 வந்தால் என்வயர்மென்ட் கனடா மனிசருக்கே கடுங்குளிர் எச்சரிக்கை விடுது. ஹஸ்கி மாதிரி ரெண்டு அடுக்கு மயிர் உள்ளது கன நேரம் தாங்கும், சிவாவா, மெல்லிய மயிர்க் கலப்பு நாயள், குட்டியள், வயசு போனதுகள், தைரொய்ட், டயபிற்றீஸ் உள்ளதுகள் எல்லாம் வேற கணக்கு. நான் மைனஸ் 15 க்குக் கீழ போனால் மூத்திரம் பெய்ய மட்டும்தான் விடுறது, மிச்ச விளையாட்டெல்லாம் பேஸ்மென்ட்டில.

காது நுனி, வால் நுனி நிறம் மாறியிருக்கு

வெளிறி, சாம்பலாகி, தொட்டால் குளிரா இறுகியிருந்தால் விறைச்சு இரத்தம் போகேல்லை எண்டு அர்த்தம். அம்மா ஒருக்கா கறுப்பன்ர காதைப் பாத்திட்டு நல்லெண்ணெய் போட்டுத் தேய்க்க வெளிக்கிட்டா, பாசத்தில செய்யப் பாத்ததுதான், கையைப் பிடிச்சு நிப்பாட்டினன். தேய்க்கிறது உள்ளுக்க இருக்கிற சின்னப் பனிக்கட்டியளால சதையைக் கிழிக்கும். இளஞ்சூட்டுத் தண்ணியில, குழந்தைப் பிள்ளையைக் குளிப்பாட்டுற அளவு சூடு, துவாயை நனைச்சு ஒத்தி ஒத்தி வைக்கோணும். திரும்பச் சூடு வரேக்கதான் நோகும், சிவக்கும், வீங்கும், அப்ப கத்தும், அது எதிர்பாக்கிறதுதான். மனிசரின்ர நோக்குளிசை, ரைலினோல், அட்வில் ஒண்டும் குடுக்காதேங்கோ, பூனைக்கு ஒரு ரைலினோலே ஆளை முடிச்சிடும்.

முழு உடம்பும் குளிர்ந்து இருந்தால் முதல் உடம்பைச் சூடேத்துங்கோ, காது பிறகு. வெளியில இருக்கேக்க காதைச் சூடேத்தித் திரும்ப விறைக்க விட்டால் முந்தினதை விடக் கேடு. அண்டைக்குப் பாக்க ஒண்டும் இல்லாத மாதிரி இருந்தாலும் சேதம் தெரிய கன நாள் எடுக்கும், கறுத்துக் காஞ்சு வந்தால் வெட்டிட்ட கட்டாயம் காட்டோணும்.

குடிச்ச ஆள் மாதிரித் தள்ளாடுது, கனக்கத் தண்ணி குடிக்குது

இதை மட்டும் வாசிச்சாலும் போதும் எண்டு சொல்லுவன். கார் ராடியேற்றருக்க விடுற அன்ரிஃப்ரீஸ், எத்திலீன் கிளைக்கோல், இனிப்பு ருசி, கராஜ் நிலத்தில சொட்டினதை நாயும் நக்கும் பூனையும் நக்கும். நாலு கிலோப் பூனைக்கு ஒரு தேக்கரண்டி அளவே உயிரை எடுக்கக் காணும். பூனை அதைக் குடிக்கவும் தேவையில்லை, மிதிச்சுப் போட்டுப் பாதத்தை நக்கினாலே காணும்.

முதல் அரை மணித்தியாலத்தில இருந்து சில மணித்தியாலத்துக்கு வெறி மாதிரி இருக்கும், தள்ளாட்டம், சத்தி, தண்ணி விடாய். பிறகு தெளியும். இந்தத் தெளிவில ஏமாந்துதான் கன மிருகங்கள் போறது. நாய் எழும்பி நடக்கும், வாலும் ஆட்டும், வீட்டில எல்லாரும் "ஏதோ கண்டதைத் தின்டது, சத்தியோட போயிட்டுது" எண்டு சந்தோசப்படுவினம். அந்த நேரத்தில ஈரல் அந்த நஞ்சை உடைச்சு இன்னும் கேடான அமிலமாக்கிக் கொண்டிருக்கும், அது கிட்னிக்குள்ள பளிங்கு மாதிரி உறைஞ்சு அடைக்கும். பூனைக்கு 12 இல இருந்து 24 மணித்தியாலத்தில, நாய்க்கு ஒண்டு ரெண்டு மூண்டு நாளில மூத்திரம் நிண்டு படுத்திடும். அதுக்குப் பிறகு செய்யிறதுக்குப் பெரிசா ஒண்டும் இல்லை.

மாத்து மருந்து இருக்கு, ஃபோமெபிசோல் எண்டு பேர். பூனைக்கு நக்கி மூண்டு மணித்தியாலத்துக்குள்ள போட்டால்தான் நல்லாப் பிடிக்கும், நாய்க்கு 8 இல இருந்து 12 மணித்தியாலம் வரைக்கும் இடமிருக்கு, கெதியாப் போட்டால் கெதியா நல்லது. எல்லாக் கிளினிக்கிலயும் வைச்சிருக்க மாட்டினம், அதால கார் ஸ்டார்ட் பண்ண முதல் போன் எடுத்து "அன்ரிஃப்ரீஸ் நக்கியிருக்கு, ஃபோமெபிசோல் வைச்சிருக்கிறியளோ" எண்டு கேளுங்கோ. கொள்கலன் இருந்தால் கையோட கொண்டு போங்கோ. வீட்டில வைச்சுச் சத்தி எடுக்க வைக்க வெளிக்கிடாதேங்கோ, முக்கியமா உப்புக் கரைச்சுப் பருக்காதேங்கோ, ஊரில அப்பிடிச் செய்யிறதைக் கண்டிருக்கிறன், உப்பே தனி நஞ்சு.

கராஜில சொட்டியிருந்தால் பூனை மணலைக் கொட்டி உறிய வைச்சு, அள்ளிக் கட்டி எறிஞ்சிட்டு இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கோ. அடுத்த முறை வாங்கேக்க புரொப்பிலீன் கிளைக்கோல் போட்டது உங்கட காருக்குச் சரிவருமோ எண்டு கேளுங்கோ, அது முழுக்க ஆபத்தில்லாதது இல்லை, ஆனா இதோட ஒப்பிட எவ்வளவோ மேல்.

சத்தி, வயித்தாலடி, ஆனா அன்ரிஃப்ரீஸ் இல்லை

பெரும்பாலும் நக்கின உப்பு. கொஞ்சம் எண்டால் எச்சில் வடிச்சு ரெண்டு தரம் சத்தி எடுத்துச் சரியாகும், நல்ல தண்ணி கிட்ட வையுங்கோ. பையோட கிடந்த உப்பைத் தின்டிருந்தால், வலிப்பு, நடுக்கம் வந்தால் எமேர்ஜென்சி. பக்கத்து வீட்டுப் பையையும் கவனியுங்கோ, "பெற் சேஃப்" எண்டு எழுதினது பாதத்துக்குப் பறவாயில்லை எண்டுதான் அர்த்தம், தின்னலாம் எண்டு இல்லை.

குளிருக்கு எலி வீட்டுக்குள்ள வரும், நாங்கள் எலிமருந்து வைப்பம். இரத்தம் உறையாமப் பண்ணுற வகை எலிமருந்தைத் தின்ட நாய் அண்டைக்கு ஓடி விளையாடும், மூண்டு நாலு நாள் கழிச்சுத்தான் சோந்து போகும், முரசு வெளிறும், மூக்கால இரத்தம் வரும். தின்டதைக் கண்டால் அறிகுறிக்குக் காத்திருக்காம மருந்துப் பெட்டியையும் எடுத்துக் கொண்டு போங்கோ, இதுக்கு விற்றமின் கே மருந்து இருக்கு, நேரத்துக்குக் குடுத்தால் நல்லாத் தப்பும்.

ஆண் பூனை மணல் பெட்டிக்குள்ள போய்ப் போய் வருது

போகுது, குந்துது, ஒண்டும் வரேல்லை, மியாவ் எண்டு கத்துது. மலச்சிக்கல் எண்டு நினைச்சு விளக்கெண்ணெய் தேடாதேங்கோ. மூத்திரக்குழாய் அடைச்சிருந்தால் ஒண்டு ரெண்டு நாளில உயிர் போகும். இது வின்டரில மட்டும் வாறதில்லை, ஆனா குளிருக்குத் தண்ணி குடிக்கிறதைக் குறைச்சு அசையாமப் படுத்திருக்கிற பூனையில நான் ரெண்டு தரம் கண்டிட்டன். கத்தின பூனை கத்தாமக் கட்டிலுக்குக் கீழ போய் ஒளிச்சால் இரவெண்டும் பாக்காமப் போங்கோ.

நாயும் சோம்பல், வீட்டில எல்லாருக்கும் தலையிடி

வீட்டை விட்டு வெளியில வாங்கோ, நாயையும் பூனையையும் கையோட, 911. வீட்டைச் சூடாக்கிற ஃபேர்னஸ் பிழைச்சுக் கார்பன் மொனொக்சைட் எண்ட மணமில்லாத நச்சு வாயு நிறைஞ்சிருக்கலாம். இந்த வாயுவுக்கு அலாரம் போடோணும் எண்டு ஒண்டாரியோவில 2014 இல இருந்து சட்டம், பேஸ்மென்ட் வாடகைக்கு இருக்கிற ஆக்கள் உங்கட படுக்கை அறைக்குப் பக்கத்தில ஒண்டு இருக்கோ எண்டு இண்டைக்குப் பாருங்கோ.

நாய் ஐசுக்குள்ள விழுந்திட்டுது

மில்லிக்கன் பார்க் குளம், ரூஜ் ஆத்தங்கரை, லேக் ஓரம், எங்கயாயிருந்தாலும் பின்னால நீங்கள் போகாதேங்கோ. நாயை ஐஸ் தாங்கேல்லை எண்டால் உங்களை எப்பிடித் தாங்கும். 911 அடியுங்கோ, கரையில நிண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொண்டே இருங்கோ, குரல் கேக்கிற பக்கம் அது நீந்தும். வெளியில வந்த உடன "நடுங்குது" எண்டு மேல எழுதினதைச் செய்யுங்கோ. லீஷைக் கழட்டாமல் விட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை.

நாய் துலைஞ்சிட்டுது

ஸ்னோ கொட்டினால் மணம் மூடுப்படும், வந்த வழி நாய்க்குத் தெரியாமப் போகும், கோடையில தானே திரும்பி வாற நாய் வின்டரில வராது. 311 க்குச் சொல்லுங்கோ, ஸ்காபரோ ஆக்களுக்குக் கிட்ட புரோகிரஸ் அவென்யூ 821 இல இருக்கிற கிழக்கு ஷெல்டர், அங்கயும் விசாரியுங்கோ. மைக்ரோசிப் போட்டிருந்தால் அந்த 15 இலக்கத்தைப் பதிஞ்ச கம்பனிக்கு அடிச்சு உங்கட இப்பத்தைய போன் நம்பர்தான் இருக்கோ எண்டு உறுதிப்படுத்துங்கோ. சிப் இருந்தும் பழைய நம்பரால ஆளைப் பிடிக்கேலாமல் கிடந்த நாயளை எனக்குத் தெரியும். ரொறன்ரோவில நாய்க்கும் பூனைக்கும் லைசென்ஸ் எடுக்கோணும் எண்டது சட்டம், கன பேர் அதைச் சும்மா வரி எண்டு நினைச்சு விடுகினம், அந்தத் தகட்டில இருக்கிற இலக்கத்தை வைச்சுத்தான் ஷெல்டருக்குக் கொண்டு போகாமலே வீட்டுக்குத் திருப்பி அனுப்ப ஏலும்.

பூனை எண்டால் தூரம் போயிருக்காது. பக்கத்து மூண்டு நாலு வீட்டு டெக்குக்குக் கீழ, ஷெட்டுக்க, இரவில டோர்ச் அடிச்சுக் கண் மினுங்குதோ எண்டு பாருங்கோ.

காருக்குள்ள ஏதோ சத்தம்

சூடான எஞ்சினுக்கு மேல பூனை ஏறிப் படுக்கும். காலமை ஸ்டார்ட் பண்ண முதல் பொனெற்றில ரெண்டு தட்டுத் தட்டி, ஒருக்கா ஹோர்ன் அடிச்சு, பத்துச் செக்கன் பொறுங்கோ. அந்தப் பூனைக்கு இரக்கப்பட்டுப் பின்வளவில பெட்டி வைக்கிறதெண்டால் உள்ளுக்க வைக்கோல் போடுங்கோ, கம்பளி போடாதேங்கோ, கம்பளி ஈரத்தை உறிஞ்சி ஐசாப் போகும். பெட்டி சின்னனா, வாசல் ஒரு பூனை நுழையிற அளவு, நிலத்தில இருந்து கொஞ்சம் உயத்தி. இடது காது நுனி வெட்டியிருந்தால் ஏற்கனவே பிடிச்சுக் கருத்தடை செய்து விட்ட பூனை எண்டு அடையாளம், அதைப் பிடிச்சுக் குடுக்கத் தேவையில்லை.

நிப்பாட்டின காருக்குள்ள உங்கட நாயை விட்டிட்டுக் கடைக்குப் போறதும் வேண்டாம். எஞ்சின் நிண்டால் கார் ஃப்ரிஜ்தான்.

பக்கத்து வீட்டு நாய் வெளியில கட்டி நிக்குது

இதில எங்கட ஆக்கள் தயங்குறது எனக்கு விளங்குது, தெரிஞ்ச குடும்பம், கோயிலில காணுற முகம், போலிஸ் கேஸ் ஆகுமோ எண்டு பயம். முதல் கதவைத் தட்டிக் கதையுங்கோ. "அண்ணை, நாய் நடுங்குது, உள்ள எடுக்கேலுமோ, இல்லாட்டி எங்கட கராஜில விடுங்கோ" எண்டு கேட்டால் பாதிப் பேர் உடன எடுப்பினம். எடுக்காட்டி மாகாண நம்பருக்கு அடியுங்கோ. எத்தினை மணிக்குக் கட்டினது, ஒதுங்க இடமிருக்கோ, தண்ணி உறைஞ்சிருக்கோ எண்டு எழுதி, உங்கட வளவில நிண்டே போட்டோ எடுத்து வையுங்கோ. வேலிக்குள்ள ஏறி நாயை அவிட்டுக் கொண்டு வராதேங்கோ, அப்ப பிழை உங்கட பக்கம் வந்திடும். இப்பவே சாகிற நிலை எண்டால் 911.

ரக்கூன் பகலில தள்ளாடுது, கொயோட்டி வளவுக்க நிக்குது, வௌவால் அறைக்குள்ள

ரக்கூன் பகலில வெளிய வந்தது மட்டும் வருத்தம் இல்லை. ஆனா சுத்திச் சுத்தி நடக்குது, கண் பீளை ஒழுகுது, ஆளைக் கண்டு பயமில்லை எண்டால் டிஸ்டெம்பர் எண்ட வைரஸ் வருத்தமா இருக்கலாம், 311. டிஸ்டெம்பர் மனிசருக்குத் தொத்தாது, தடுப்பூசி போடாத நாய்க்குத் தொத்தும். ஆனா ரேபிஸை (விசர்நாய்க்கடி வருத்தத்தை) வெளித்தோற்றத்தில பிரிச்சுச் சொல்லேலாது, 2015 டிசம்பரில ஹாமில்டனில ரக்கூன் ரேபிஸ் வந்தது, அதால கிட்டப் போகாதேங்கோ. நாய் பூனைக்கு மூண்டு மாசம் தாண்டினால் ரேபிஸ் ஊசி ஒண்டாரியோ முழுக்கக் கட்டாயம், வீட்டுக்குள்ளயே இருக்கிற பூனைக்கும்தான்.

கொயோட்டிக்கு ஜனவரி, பெப்ரவரி சோடி சேருற காலம், கூட நடமாடும். ஓடாதேங்கோ, சின்ன நாயைத் தூக்குங்கோ, கையை உயத்திச் சத்தம் போட்டுப் பின்பக்கமா நடவுங்கோ. மிஞ்சின சோறு கறியை வளவில கொட்டுறதை நிப்பாட்டுங்கோ, காகத்துக்கு வைக்கிற சோறும்தான். விரத நாளில காகத்துக்கு வைச்சுப் பழகின எங்களுக்கு அது மனசுக்குக் கஸ்டம், எனக்கும்தான், ஆனா 2023 ஏப்ரலில இருந்து காட்டு மிருகம் பறவைக்கு வளவுக்க சாப்பாடு வைக்கிறது ரொறன்ரோவில தடை, இரவில அந்தச் சோத்துக்கு வாறது காகமும் இல்லை.

வௌவால் எண்டால் கையால பிடிக்காதேங்கோ. படுத்திருந்த அறைக்குள்ள, பிள்ளையின்ர அறைக்குள்ள கண்டால், கடி தெரியாட்டியும் ரொறன்ரோ பப்ளிக் ஹெல்த்துக்குச் சொல்லோணும், கதவைத் திறந்து வௌவாலை வெளியில விட முதல், அதைப் பிடிச்சுச் சோதிச்சாத்தான் ஊசி தேவையோ எண்டு தெரியும். 2024 இல ஒண்டாரியோவில ஒரு பிள்ளை வௌவாலால ரேபிஸ் வந்து செத்தது, 1967 க்குப் பிறகு மாகாணத்துக்குள்ள தொத்தின முதல் கேஸ். கடி தெரியேல்லை எண்டுதான் அந்த வீட்டிலயும் விட்டவை.

எது கடிச்சாலும் ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிசம் கழுவி, டொக்டரிட்டப் போங்கோ. கடிச்சது வீட்டு நாய் எண்டால் அதை 10 நாள் தனிய வைச்சுக் கவனிக்கச் சொல்லுவினம், அது தண்டனை இல்லை, நாயைக் கொண்டு போய்க் கொல்லுவினம் எண்டு பயந்து கடியை மறைக்காதேங்கோ.